சிரிக்கிற குடும்பமும் சின்ன எழுத்தும்

இன்சூரன்ஸ் விளம்பரம் எழுதுவது, யாரும் கேட்க விரும்பாத விஷயத்தை எல்லோரும் கேட்கும்படி சொல்ல வேண்டிய பிழைப்பு. மாட்டுங்காவில் ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக நான் அதைத்தான் செய்கிறேன். விளம்பரம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். எழுதுகிறவள் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

வெள்ளை சோபா

ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தாராவி முழுக்கப் போஸ்டர் ஒட்டினோம். வெள்ளை சோபாவில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் பல் தெரிகிற சிரிப்பு. கீழே நான் எழுதிய வரி: 'உங்கள் நாளை, எங்கள் பொறுப்பு.' இரண்டு வாரமாகியும் ஒரு போன்கூட வரவில்லை. "நேரில் போய்ப் பார்" என்று மேனேஜர் என்னை விரட்டினார்.

போஸ்டருக்கு நேர் எதிரே தோல் பை தைக்கும் பட்டறை. முதலாளி காதர் பாய், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "பாய், இந்தப் போஸ்டரைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பதில் சொன்னார்.

"தினமும் பாக்கேன்மா. சோபா கடைன்னுல்லா நெனச்சேன், விலையப் போடாம விட்டுட்டாவளேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

செந்தமிழ்

அடுத்த போஸ்டரில் சோபாவை எடுத்துவிட்டுப் பட்டறைப் படம் போட்டோம். 'முதிர்வுத் தொகை', 'நியமனதாரர்' என்று அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதினேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

ஒட்டிய மறுநாள் போனேன். கூரியர் பையோடு ஒரு இளைஞன் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். "படிச்சியாப்பா?" என்றேன். "பேசுவேன்க்கா, படிக்க வராது. நான் மராத்தி மீடியம்" என்றான். விடவில்லை, முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தண்ணீர் பிடிக்க வந்த இரண்டு பெண்களும் நின்றார்கள். முதிர்வுத் தொகை என்றதும் ஒருவர், "முதியோர் பென்சனா?" என்று ஆசையாகக் கேட்டார். பாலிசி, பிரீமியம், நாமினி என்று சொன்ன பிறகுதான் மூவருக்கும் விளங்கியது.

கூரியர் பையன் கிளம்பும்போது சொன்னான்: "நீங்க சொன்னா புரியுதுக்கா. பேப்பருக்குப் பதிலா உங்களையே ஒட்டியிருக்கலாம்."

வேகமாகச் சொன்னது

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வாட்ஸப்பில் அனுப்புவதற்கு என் குரலிலேயே ஒரு நிமிஷ விளம்பரம் பதிவு செய்தோம். நிபந்தனைகளை மட்டும், வழக்கப்படி, கடைசியில் மூச்சுவிடாமல் ஓட்டினேன். எங்கள் அக்கவுண்டன்ட் ராமநாதன் சார், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், கேட்டுவிட்டு, "தெரிஞ்ச விஷயத்தையெல்லாம் நிதானமா சொல்றேள். தெரிய வேண்டியதை மட்டும் ஏன் லோக்கல் ட்ரெயினைப் பிடிக்க ஓடற மாதிரி சொல்றேள்?" என்றார்.

எந்தெந்தச் சமயத்தில் பணம் கிடைக்காது என்பதையும் நிறுத்தி நிதானமாகப் பேசி மறுபடி பதிவு செய்தேன். "வியாபாரத்தைக் கெடுக்கிறாய்" என்று மேனேஜர் குதித்தார். கம்பெனிக்காரர் அரை மனதோடு சம்மதித்தார். அனுப்பிய அன்றே வாஷியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எதைக் கேட்டுக் கூப்பிட்டீர்கள் என்று விசாரித்தேன்.

"எப்பல்லாம் கிடைக்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க, அப்போ கிடைக்கும்னு சொல்றதும் நெஜமாத்தான் இருக்கும்னு தோணிச்சு."

அழாத படம்

செல்வி அக்கா செம்பூரில் ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் வேலை பார்க்கிறார். கணவர் டிராம்பேயில் டெம்போ ஓட்டியவர், திடீரென்று போய்விட்டார். இன்சூரன்ஸ் பணத்தில்தான் மகள் நர்சிங் படிப்பைத் தொடர்ந்தாள். அக்கா படத்தை விளம்பரத்தில் போட வேண்டும் என்று கம்பெனி ஆசைப்பட்டது. போட்டோகிராபர், கணவர் படத்தைக் கையில் கொடுத்து, "கொஞ்சம் அழுங்க" என்றார். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாகிவிட்டது.

செல்வி அக்கா படத்தை மெதுவாக மேசையில் வைத்தார். "அழுது முடிச்சாச்சு. சொல்ல வேண்டியதைச் சொல்லுதேன், அதைப் போடுங்க" என்றார். பாலிசியில் கணவர் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. அந்த ஓர் எழுத்துக்காக நாலு மாதம் அலைந்திருக்கிறார். "எனக்குத் தெரியாமப் போச்சு. மத்தவங்களாவது இன்னைக்கே எடுத்துப் பாக்கட்டும்."

கேண்டீன் யூனிபார்மில், இயல்பாகச் சிரித்தபடி ஒரு படம் எடுத்தோம். மேலே ஒரே வரி: 'உங்கள் பாலிசியில் பெயர் சரியாக இருக்கிறதா?' கம்பெனியின் குறையை நாமே சொல்வதா என்று மேனேஜரோடு பத்து நாள் சண்டை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் தாராவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர் திருத்த முகாம் போட்டோம். பழைய பாலிசிகளோடு வந்த கூட்டம் சந்து முனை வரைக்கும் நின்றது. திருத்த வந்தவர்களில் பலர் புதிதாகவும் எடுத்தார்கள். செல்வி அக்காவும் வந்திருந்தார். படம் பிடித்திருக்கிறதா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"புருசன் போனவ இப்படிச் சிரிக்கலாமான்னு எங்க நாத்தனா ஒரு வாரமா எங்கூடப் பேசல, அந்தா பாருங்க, பாலிசிய எடுத்துக்கிட்டு வரிசையில ரெண்டாவதா நிக்கா."

ஆக, நான் மூளையைக் கசக்கி எழுதிய வரிகளெல்லாம் மழையோடு கரைந்துபோக, அடுத்தவர் வாயிலிருந்து எடுத்ததுதான் பலித்தது. அந்த விளம்பரத்துக்குக் கிடைத்த விருதுக் கேடயம் மட்டும் மேனேஜர் மேசையில் இருக்கிறது.