நாய்க்குத் திறந்திருந்த கதவு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத வெள்ளிக்கிழமை. புரொண்பி நகரிலிருந்து எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தார் கோபன்ஹேகனுக்கு வடக்கே ஒரு கடலோர ஊருக்குச் சுற்றுலா போயிருந்தோம். தங்கியது மலிவான இளைஞர் விடுதியில். டென்மார்க்கில் இளைஞர் என்ற சொல்லுக்கு வயது வரம்பு கிடையாது.

அதே விடுதியில் அமெரிக்காவிலிருந்து ஒரு யூத மாணவர் குழுவும் வந்திறங்கியது. நாஜிகளின் காலத்தில் யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குத் தப்பிப்போன கரை அது. அந்தத் தடங்களைப் பார்க்க வந்த பிள்ளைகள். அவர்களில் ஒரு மாணவியின் பூட்டனை அந்த ஊர்க் குடும்பம் ஒன்று ஒளித்து வைத்திருந்ததாம். அப்போது சிறுமியாக இருந்த அந்த வீட்டுப் பெண் இப்போது தொண்ணூறைத் தாண்டி, நடந்துபோகும் தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். சனிக்கிழமை அவரைச் சந்திப்பதாக ஏற்பாடு. ஞாயிறு காலை விமானம்.

சிக்கல் கதவில் வந்தது. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள். மின்சாரத்தில் இயங்கும் எதையும் தொடமாட்டார்கள். விடுதி வாசலோ அட்டையைக் காட்டினால்தான் ‘பீப்’ என்று கத்தித் திறக்கும். வெளியே போனால் இரவு வரை திரும்பி வர முடியாது. சாதாரணக் கதவு ஒன்று வேண்டுமென்று குழுவின் ஆசிரியை முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ‘பார்க்கலாம்’ என்று பதிலும் வாங்கியிருந்தார்.

விடுதிப் பொறுப்பாளர் சிரித்த முகத்துடன் மறுத்தார். “இங்கே விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை.” காப்புறுதி நிறுவனமும் அனுமதிக்காதாம்.

நான் நின்று கதவைத் திறந்துவிடுகிறேன் என்றேன். ஓய்வுநாளில் தங்களுக்காக இன்னொருவரை வேலை வாங்குவதும் முறையில்லை என்று ஆசிரியை தயங்கினார். அந்த மாணவி அழவில்லை, வாதாடவில்லை. சைக்கிள் கொட்டகையில் இரவு வரை உட்கார்ந்திருக்கலாமா என்று மட்டும் கேட்டாள். அதற்கும் விதி பார்க்க வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற நண்பர் கையைப் பிடித்தார். “அண்ணை, உங்களுக்கேன் இந்தச் சோலி? எங்களைக் குசினியில மீன் பொரிக்க விட்டதே பெரிய காரியம்.”

“பொறும், ஒரு கேள்வி கேட்டிட்டு வாறன்.”

நான் கொம்யூனில், அதாவது நகரசபையில், கட்டட அனுமதிப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். யாராவது விதி என்றால், எந்தப் பிரிவு என்று கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. பொறுப்பாளரிடம் காப்புறுதி விதியைக் காட்டச் சொன்னேன். கணினியில் தேடினார், தேடினார், இல்லை. பிறகு தோட்டப் பக்கத்துப் பின்கதவைப் பற்றிக் கேட்டேன். அன்று காலைதான் பார்த்திருந்தேன். அங்கே நீண்டகாலமாகத் தங்கியிருந்த ஒரு பெண்மணியின் கொழுத்த கிழட்டு நாய்க்கு ‘பீப்’ சத்தம் பயமாம். அதனால் அந்தப் பழைய கதவைப் பூட்டுவதேயில்லை. இதை மட்டும் பொறுப்பாளர் முதலில் சொல்லவேயில்லை.

“விதி எல்லோருக்கும் ஒன்று என்றீர்களே, அந்த எல்லோரில் நாய் இல்லையா?”

அவர் முகம் சிவந்துபோயிற்று. “சரி, அந்தக் கதவால் போய் வரட்டும். நாயைத் தொந்தரவு செய்ய வேண்டாம்” என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

சனி பின்னேரம் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மாணவி திரும்பி வந்தாள், முகம் மலர்ந்திருந்தது. முதியோர் இல்லத்தில் அந்த அம்மா சக்கர நாற்காலியை முன்வாசலுக்கே தள்ளிவரச் செய்து, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம்.

“உன் பூட்டனைப் பின்கதவால்தான் உள்ளே எடுத்தோம். நீ முன்வாசலால் வா” என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு, எனக்கு நன்றியும் சொல்லி, படியில் படுத்திருந்த நாயை மெல்லத் தாண்டி அவள் பின்கதவால் உள்ளே போனாள்.

ஒரு பின்கதவுக்காக அந்த நன்றியை வாங்கிக்கொண்டது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. விதி எல்லோருக்கும் ஒன்றென்று யாராவது சிரித்த முகத்துடன் சொன்னால், எந்தக் கதவு யாருக்குத் திறந்து கிடக்கிறது என்று கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நான் இப்போது நம்புவதில்லை.