மேரி டீச்சர் கட்டிய அறை

மேரி டீச்சர் இறந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்ன பழைய சக ஆசிரியர், அதே மூச்சில், "நினைவு மலருக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க டீச்சர். நீங்கதான் அவங்ககூட ரொம்பப் பழகுனவங்க" என்றார். பழகவில்லை. ஆறு ஆண்டுகள் நம் பள்ளியின் கணினிக் கூடத்தில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கு என்னை அதைவிடப் பிடிக்காது. எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். அடக்கத்தின்போது கோயிலில் நம் பழைய தலைமையாசிரியர் எழுந்து "பொறுமையின் வடிவம்" என்று பேச, நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மேரி கோபக்காரர். தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய ஒரே மகள், ஏழு வயதுப் பிள்ளை, காய்ச்சலில் இறந்தாள். மூன்றாம் வாரமே வேலைக்கு வந்துவிட்டார். நாம் ஆளுக்கு ஆள் "ஆண்டவர் சித்தம் டீச்சர்" என்றோம். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "அந்தச் சித்தம் ஒங்க வீட்டுக்கு வந்திருந்தா இப்படிச் சொல்வீங்களா?" என்று கேட்டார். அதன்பின் யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அந்தத் தனித்த மதியங்களில்தான் ஒரு கணினி நிரலை எழுதினார். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம், திறக்கக் கடவுச்சொல், கீழே 'வை', 'எரி' என்று இரண்டு பொத்தான்கள். மனத்தில் உள்ளதைக் கொட்டலாம். வைத்துக்கொள்ளலாம், அல்லது அழித்துவிடலாம். 'அறை' என்று பெயரிட்டிருந்தார்.

"ரூமா, அடியா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"ரெண்டுந்தான். யாரு மேலயும் படாம அடிக்கிறதுக்கு ஒரு ரூம்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கடவுச்சொல் என்ற பூட்டு முன்கதவுக்கு மட்டுந்தான் இருந்தது. எழுதியதெல்லாம் உள்ளே சாதாரணக் கோப்பாகக் கிடந்தது. அவர் விடுப்பில் இருந்த நாளில் திறந்து படித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். தலைமையாசிரியர், கணவர், ஆண்டவர் என ஒருவரையும் விடாமல் வைதிருந்தார். என்னைப் பற்றி, "பிள்ளையப் பொதச்சு ரெண்டு மாசங்கூட ஆகல, விடைத்தாள் கட்டத் தூக்கி எந்தலையில வச்சிட்டுச் சிரிக்கிறா" என்றிருந்தது. உண்மைதான். அதனால்தான் பொறுக்கவில்லை. அச்சிட்டுக் கொண்டுபோய்த் தலைமையாசிரியரின் மேசையில் வைத்தேன். கொடுத்தது யாரென்று அவர் சொல்லவில்லை. இத்தனை காலம் உங்களிடம் நானும் சொல்லவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அதைப் பொறுக்கிப் பொறுக்கி வாசித்தார். சிலர் சிரித்தீர்கள். மேரி எழுந்தார்.

"முழுசா வாசிங்க சார். எம் பிள்ளையப் பத்தி எழுதுனத மட்டும் ஏன் தாண்டித் தாண்டிப் போறீங்க?"

அவர் வாசிக்கவில்லை. தாள்களை மேரியின் முன்னால் போட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டார். மேரி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார், திரும்பவில்லை. நம்மில் ஒருவர்கூட வாசல்வரை போகவில்லை.

சில ஆண்டுகள் கழித்து என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். வாய் பேச முடியாமல் கிடந்த மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி மையத்தில் மேரி சொல்லிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கணவரைப் பற்றிச் சொன்னேன். அச்சிட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"தெரியும். நீங்க பிரிண்ட் எடுத்தா எப்பவும் எடப்பக்கம் ஒரு எழுத்து வெட்டிப்போகும்" என்றார். "செத்த நேரம் இருங்க" என்று உள்ளே போய் ஒரு குறுந்தகடுடன் வந்தார். "இதுல எழுதுறது ஒவ்வொண்ணும் பூட்டுப் போட்டுத்தான் உள்ள போகும். நானே நெனச்சாலும் தெறக்க முடியாது. பாஸ்வேர்ட மறந்தா அம்புட்டுதான்."

"என்னய மன்னிச்சிட்டீங்களா டீச்சர்?"

"இல்ல. இது ஒங்களுக்காகக் குடுக்கல. படுத்துக் கெடக்குற மனுசனுக்காகக் குடுக்குறேன்."

அன்று மாலை அதில் நான் முதலில் வைதது மேரியைத்தான். ஒரு மணி நேரம் வைதேன். 'எரி'யை அழுத்திவிட்டு எழுந்துபோய்க் கணவருக்குக் கஞ்சி ஊட்டினேன். பாதி கஞ்சி என் சேலையில் வழிந்தது. ஏசவில்லை.

மேரி என்னை மன்னிக்காமலே போய்விட்டார். என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன அந்த "இல்ல"வை வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் அவர் அதைக்கூடச் சொல்லவில்லை.