ரத்தினபாய்க்கு வேண்டிய காற்று

அறுபத்தெட்டாம் வருஷம் முழுக்க எங்கள் இரும்புலியூர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு காற்றுமானி சுழன்றுகொண்டிருந்தது. ஒரு கம்பம், மேலே நான்கு கிண்ணங்கள், அவ்வளவுதான். வைத்தவர் பக்கத்து ஓட்டு வீட்டு ரத்தினபாய் அக்கா. "ஒரு வருஷம்தான் முஸ்தபா பாய்" என்று கேட்டார், தலையாட்டிவிட்டேன். துணி காயப்போட இடமில்லை என்று என் மனைவி அஜீசா அந்த வருஷம் முழுக்க என்னைத்தான் வறுத்தெடுத்தாள்.

அக்காவுக்குப் பட்டணத்தில் புள்ளிவிவரக் கணக்குப் போடும் வேலை. கணவர் ஞானையா அண்ணன் காசநோயோடு சானடோரியத்தில் கிடந்து பிழைத்து வந்தவர். கிணற்றுக் கயிற்றைத் தொடவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மனுஷன் கேட்டால்தானே! மதிய வெயிலில் கத்தரிச் செடி வாடினால் பொறுக்காது, இறைக்கப் போய்விடுவார். சாயங்காலம் ஈர மண்ணைப் பார்த்து அக்கா சத்தம் போடுவார். அண்ணன் இருமிக்கொண்டே சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் கிணற்றில் நீர் இறைக்கக் காற்றாலை வைத்துத் தரும் சர்க்கார் திட்டம் ஒன்று வந்தது. ஒரு வருஷம் அளந்து, காற்று போதும் என்று காட்ட வேண்டும்; அதற்குத்தான் அந்தக் காற்றுமானி. வருஷக் கடைசியில் வந்த அதிகாரி எங்கள் மாடியில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"சராசரி வேகம் ரொம்பக் கம்மி மேடம். இது சுத்தாது."

"சராசரி பார்த்தா தாம்பரம் வண்டியில எல்லாருக்கும் சீட்டு இருக்கு சார். ஆபீஸ் நேரத்துல ஏறிப் பாருங்க" என்றார் அக்கா.

எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் என்று வரைந்த படத்தை விரித்தார். முக்கால்வாசி நேரம் காற்று தூங்கிக்கொண்டுதான் இருந்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்தால் மட்டும் எகிறியது.

"வேகம் ரெண்டு மடங்கானா சக்தி எட்டு மடங்கு சார். அந்த நேரம் போதும்."

"சரிம்மா, மீதி நேரம்?"

"மீதிக்கு நான் இருக்கேன். காலைல நானே இறைச்சிடுவேன். நான் ஆபீஸ்ல இருக்கறப்ப இவர் கயித்தத் தொடாம இருக்கணும், அதான்."

கீழே தங்கள் தோட்டத்தில் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

காற்றாலை வந்தது. அண்ணன் எழுபத்தேழாம் வருஷம் வரை இருந்தார். மதியமானால் அந்தத் தகர இறக்கைகள் கிறீச்சிடும், நான் கடையை மூடிவிட்டுச் சாப்பிட வருவேன். அந்தச் சத்தத்துக்கு இன்னும் ஏங்குகிறேன். மண் எப்போதும் ஈரமாகவே இருந்ததால், சாயங்காலம் ரயிலிறங்கி வரும் அக்கா மண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பையைக்கூட வைக்காமல், கயிற்றுத் தடம் தேடி அண்ணனின் உள்ளங்கைகளை விரித்துப் பார்ப்பார்.