எடைமேடை காலியாக இருந்தபோது

உத்திரமேரூருக்குத் தெற்கே இருந்த அந்தச் சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டாவது அரவைப் பருவம் நடந்துகொண்டிருந்தது. எண்பத்தெட்டாம் வருஷத் தை மாதம். அலுவலகத்திலேயே குளிர்சாதனம் வைத்த அறை அது ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் வேலை பார்த்தவள் பவளம். சாலவாக்கம் காலனியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். காஞ்சிபுரத்தில் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, மெட்ராஸில் ஒரு வருஷம் தங்கி புரோகிராம் எழுதப் படித்தவள். அவளுடைய அப்பா முனியன், அதே ஊரில் முத்துவேல் என்பவரின் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

யாருடைய கரும்பை முதலில் வெட்டுவது என்று சொல்வதுதான் அந்த இயந்திரத்தின் முக்கிய வேலை. கரும்பு நட்ட தேதிப்படி விவசாயிகளை வரிசையாக்கி வெட்டு உத்தரவை அச்சடிக்கும். பவளம் அதைக் கிழித்து வாசல் பலகையில் ஒட்டுவாள். முன்பெல்லாம் ஆலை ஆட்களைக் கைக்குள் போட்டுக்கொண்டவருக்குத்தான் முதல் வெட்டு. இனிமேல் அந்தப் பேச்சே கிடையாது, மெஷினுக்கு மாமன் மச்சான் இல்லை என்று மேனேஜர் வேதகிரி கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலையில் சின்னராசு என்ற விவசாயி, வெள்ளையாகப் பூ விட்ட ஒரு கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார்.

"இன்னாம்மா இது? நான் போன வருசம் மார்கழில நட்டேன். பூ வுட்டு நிக்குது பாரு, எடையெல்லாம் பூட்சி. மாசில நட்ட முத்துவேலுக்கு உத்தரவு வந்துகீது. எனக்கு வரல. மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சி பூட்சா?"

பவளம் உள்ளே போய்ப் பார்த்தாள். முத்துவேலின் நடவு தேதி மாசியிலிருந்து கார்த்திகைக்கு மாறியிருந்தது. அவள் மாற்றவில்லை.

"யாரோ தேதிய மாத்திட்டு இருக்காங்க, அண்ணே. நான் பாத்துச் சொல்றேன்."

"யாரோன்னு ஏன் சொல்ற? உங்க நைனா யாரு நெலத்துல வேல செய்றாருன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவர் கரும்பை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தேதிகளை மாற்ற, இயந்திரத்தில் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர் யூசராக நுழைய வேண்டும். அதற்கான பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். பவளம் விஷயத்தைச் சொன்னதும் வேதகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தன் நான்" என்றார்.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினார். அவர் தட்டும்போது தோளைச் சாய்த்து விசைப்பலகையை மறைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். ஆனால் அடுத்த பட்டியலில் மேலும் சிலருடைய தேதிகள் மாறியிருந்தன. அப்போது முதல் அவள் அறைக்குள் யாராவது காரணமில்லாமல் வந்து நிற்பதும், குப்பைக் கூடையிலிருந்த காகிதங்கள் காணாமல் போவதும் வழக்கமாயிற்று. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. வீட்டில் அப்பாகூடச் சோற்றைப் பிசைந்தபடி, "ஏம்மா, மொதலாளிக்கு நீ எதுனா பண்ணிக் குட்த்தியா?" என்று கேட்டார்.

"நீயுமா நைனா?"

"கேக்கறாங்க. இன்னா சொல்றதுன்னு தெரில."

சந்தேகம் தொற்றிக்கொள்ளும். பவளமும் ஆட்களை எடை போட ஆரம்பித்தாள். ஆலையில் அந்த இயந்திரத்தோடு இணைத்த டெர்மினல்கள், அதாவது திரையும் விசைப்பலகையும், நான்கு. ஒன்று அவளிடம், ஒன்று மேனேஜரிடம். மூன்றாவது கரும்புப் பிரிவில் பாண்டுரங்கனிடம். நான்காவது, வண்டிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் சேட்டுவிடம். சேட்டு மேனேஜரின் அக்கா மகன், பாலிடெக்னிக் படித்தவன். எடைமேடையைக் கம்ப்யூட்டரோடு இணைத்தபோது மெட்ராஸுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவன். நாளெல்லாம் லாரிக்காரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான்.

தேதிகள் எப்போது மாறின என்று பார்த்தாள். எல்லாமே மதியச் சாப்பாட்டு வேளையில். அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருப்பவர் பாண்டுரங்கன் ஒருவர்தான். வயிற்றுப்புண்காரர், டப்பாவில் கொண்டுவரும் மோர்ச்சோற்றை மேஜையிலேயே சாப்பிடுவார். இதுவரை அவளிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே ஆள். தினமும் அவளுக்கும் சேர்த்து டீ சொல்லுவார். எதற்காகச் சொல்கிறார் என்று இப்போது யோசித்தாள். போன மாதம் அவள் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்றாரே, அது எதற்கு? அவர் டம்ளரை நீட்டும்போது அவர் கண்ணையே பார்த்தாள். கண்ணில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகப் பட்டது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். பாண்டுரங்கனை மறுநாளே வண்டி நிற்கும் மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெயிலில் டோக்கன் கொடுக்கும் வேலை. அவருடைய டெர்மினலை உறை போட்டு மூடினார்கள்.

அதற்கடுத்த பட்டியலிலும் தேதிகள் மாறின.

பவளத்துக்கு மைதானத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற மனிதரை ஜன்னல் வழியாகப் பார்க்கக் கூசியது. வேதகிரியோ இப்போது அவள்தான் என்று முடிவே கட்டிவிட்டார். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க, கம்ப்யூட்டர் விற்ற மெட்ராஸ் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டு என்ஜினீயரை வரவழைத்தார்.

வந்தவர் பெயர் கோபால். வந்ததும் அவளை நாற்காலியிலிருந்து எழுந்து ஓரமாக நிற்கச் சொன்னார். யார் யார் எப்போது சூப்பர் யூசராக நுழைந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தார். தேதிகள் மாறிய வேளைகளில் ஒருவர்கூட நுழைந்திருக்கவில்லை.

"பதிவை அழிச்சிருக்கீங்களா?" என்று அவளைக் கேட்டார்.

"அழிச்சிருந்தா மத்த வரிகளும் போயிருக்கும் சார். வாசல் வழியா யாரும் வரல. ஆனா உள்ள யாரோ இருந்திருக்காங்க. கெர்னல்ல ஓட்டை இருக்கான்னு பாருங்களேன்."

கெர்னல் என்பது இயந்திரத்தின் நடுவில் இருந்துகொண்டு, யார் எதைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்று முடிவு செய்யும் புரோகிராம். அதை ஏமாற்றிவிட்டால் பாஸ்வேர்டு எதற்கு?

கோபாலுக்குச் சுருக்கென்றது. "அது ஊர் உலகமெல்லாம் ஓடுதும்மா. நாங்க அதுல கையே வைக்கல, உங்க எடைமேடைக்காகக் கொஞ்சம் சேர்த்ததைத் தவிர."

"அப்போ அதைத்தான் சார் பார்க்கணும். பருவம் ஆரம்பிச்சப்போ மெஷின் அடிக்கடி உறைஞ்சுபோய் நின்னுது. அதுவும் மதிய வேளையிலதான். யாரோ அதுல எதையோ சோதிச்சுப் பாத்திருக்காங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் அவர் கொண்டுவந்த டேப்பிலிருந்து அந்தப் பகுதியை அச்சடித்தார். இருவரும் மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து படித்தார்கள். அவர் அவளை நம்பவில்லை, அவள் அவரை நம்பவில்லை. அதனாலேயே ஒருவரை ஒருவர் ஒரு வரியைக்கூடத் தாண்டவிடவில்லை.

ஓட்டை பெரிய சங்கதி அல்ல. எடை வேண்டும் என்று ஒரு புரோகிராம் கேட்டால், நினைவகத்தில் அது காட்டும் இடத்தில் கெர்னல் எடையை எழுதிவிடும். அந்த இடம் கேட்டவனுக்குச் சொந்தமானதா என்று பார்ப்பதே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, அதைத் தன்னுடைய சொந்த இடத்தில்தான் கெர்னல் குறித்து வைத்திருக்கும். சூப்பர் யூசரின் எண் பூஜ்யம். ஒருவன் தன் எண் குறித்திருக்கும் இடத்தையே காட்டி, இங்கே எடையை எழுது என்று கேட்டால்?

"மேடை மேல வண்டி இருந்தா ஏதோ ஒரு எண் விழும், பிரயோஜனமில்ல" என்றார் கோபால் மெதுவாக.

"சாப்பாட்டு நேரத்துல மேடை காலி சார். எடை பூஜ்யம். அவன் எண்ணும் பூஜ்யம் ஆயிடும்."

கோபால் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, மேடை காலியாகும்வரை காத்திருந்து ஓட்டிப் பார்த்தார். பாஸ்வேர்டு கேட்காமலே இயந்திரம் அவரைச் சூப்பர் யூசர் என்றது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உக்காருங்கம்மா, ஏன் நிக்கறீங்க?" என்றார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

கேட்பவன் காட்டும் இடம் அவனுடையதுதானா என்று சரிபார்த்த பிறகே எழுத வேண்டும். அவ்வளவுதான் திருத்தம். ஆனால் முதல் முறை அவசரத்தில் கோபால் சோதனையைத் தலைகீழாக எழுதிவிட்டார். புதுக் கெர்னல் நேர்மையான கோரிக்கைகளை எல்லாம் விரட்டியது. எடை விழாமல் டிராக்டர்கள் சாலைவரை நின்று ஹாரன் அடித்தன. பழைய கெர்னலைத் திரும்பப் போட்டு, தப்பைப் பவளம் கண்டுபிடித்து, மறுபடி கெர்னலைத் தயாரிப்பதற்குள் கரண்டும் போய் வந்தது. மறுநாள்தான் சரியாக ஓடியது.

அதில் பவளம் ஒன்று சேர்க்கச் சொன்னாள். யாராவது தனக்குச் சொந்தமில்லாத இடத்தைக் காட்டினால் மறுப்பதோடு நிற்காமல், எந்த டெர்மினலிலிருந்து என்று அவள் அறையில் உள்ள பிரிண்டரில் ஒரு வரி அடிக்க வேண்டும். இதை மேனேஜரிடமும் சொல்லக்கூடாது என்றாள். கோபால் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் மறுபடியும் ஏதாவது செய்கிறாளா என்று பார்க்க வேதகிரி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார். பவளம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே கடைசி வண்டி மேடையை விட்டு இறங்கிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று ஒரு வரி அடித்தது. இன்னொரு வரி. மூன்றாவது முறையும் அதே வரி.

வேதகிரி எழுந்து குனிந்து படித்தார். நான்காவது டெர்மினல். பயனர் பெயர் சேட்டு.

கதவைச் சாத்தினார். "சின்னப் பையன், விளையாட்டுத்தனமா..." என்று தொடங்கினார். பிறகு கோபால் பக்கம் திரும்பி, "வெளிய தெரிஞ்சா உங்க கம்பெனி பேரும்தான் கெடும்" என்றார். கோபால் தரையைப் பார்த்தார்.

"திருத்தின லிஸ்ட்டை நான் அடிக்க மாட்டேன் சார்" என்றாள் பவளம். "இத்தன நாளா ஊரே என்ன திருடின்னு பேசுது. விவசாயிங்கள நீங்களே கூப்ட்டு, நான் பண்ணலன்னு சொல்லுங்க. அப்புறம் அடிக்கிறேன்."

பட்டியல் அடிக்கும் புரோகிராமை ஓட்டத் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். கரும்பு வெட்டும் ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். சாயங்காலம் வேதகிரி வாசலில் நின்று, மெஷின் கோளாறு, சரிசெய்தாகிவிட்டது, பவளத்தின் மேல் தவறில்லை என்று மூன்று வாக்கியங்களில் முடித்துக்கொண்டார். சேட்டுவை ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சின்னராசு அவளிடம் வந்தார். "மெஷின் கோளாறுன்றாரு. நீ சொல்லு, நெஜமா?"

"மெஷின்ல ஓட்ட இருந்துச்சி. அதுல பூந்தது ஆளு. நான் இல்ல."

"யாரு?"

அவள் பூட்டிக் கிடந்த எடைமேடைக் கொட்டகையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். "அப்டியா சங்கதி. முத்துவேலு அவங்கிட்டதான் காச குட்த்துகீறான்" என்றார். விடிவதற்குள் அந்தப் பேச்சு ஊருக்குப் போய்விட்டது. அவருடைய கரும்புக்கு மறுநாளே உத்தரவு வந்தது. ஆனால் கெட்டுப்போன எடை திரும்பவில்லை.

பாண்டுரங்கன் தன் மேஜைக்குத் திரும்பினார். பவளம் போய் நின்று, உங்களைச் சந்தேகப்பட்டுச் சொன்னது நான்தான் என்றாள்.

"தெரியும்மா, மேனேஜர் அப்பவே சொல்லிட்டாரு" என்றார் அவர். "எல்லாரும் ஒன்ன சந்தேகப்பட்டப்போ நான் படல. நீ வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். அதன் பிறகு வேலை விஷயமாகப் பேசுவார். டீ மட்டும் சொல்லவில்லை. அவளும் சொல்லிப் பார்த்தாள், வயிற்றுக்கு ஆகாது என்றுவிட்டார்.

பருவம் முடிந்ததும் கோபாலின் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதே எடைமேடைப் பகுதியை அவர்கள் இன்னும் பல ஆலைகளுக்கு விற்றிருந்தார்கள். திருத்திய கெர்னலை டேப்பில் எடுத்துக்கொண்டு பவளம் ஒவ்வொரு ஊராகப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால், எங்கள் மெஷினில் அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். யார் அனுப்பினார்கள், எதற்குப் பாஸ்வேர்டு என்று கேட்பார்கள். எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்களே அடியுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். பல இடங்களில் அவளுக்குப் பின்னால் ஒரு ஆளையும் நிறுத்தி வைத்தார்கள்.