தொடாமல் தேய்ந்த கித்தார்

தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்துக் காதோரம் வைத்தால் ‘ஜிர்ர்’ என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான் முதலில் வந்தது. ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தின் மூலையில், பள்ளி விட்டு வந்த ஒரு சாயங்காலம், எலெக்ட்ரிக் கித்தாரின் இரண்டாம் கம்பியை அழுத்தி மீட்டியபோது கேட்டது. அப்பாவின் தறிச் சத்தத்தில் காது ஏமாறுகிறது என்று அன்றைக்குச் சமாதானம் செய்துகொண்டேன். மறுநாள் அப்பா வெளியூர் போயிருந்தார், தறி ஓய்ந்திருந்தது, வண்டு மட்டும் ஓயவில்லை.

கித்தார் என்னுடையதாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அது பக்கத்து வீட்டு ரூபி அத்தையின் மகன் ஜெயசீலன் அண்ணனுடையது. எழுபதுகளின் நடுவில் அவருக்குப் பம்பாயில் ஒரு மில்லில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, அவர் வீட்டுக் கூரை ஒழுகும் என்பதால், பெட்டியோடு அதை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். “பொட்டியிலயே கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம துணி போட்டுத் தொடச்சு வை. வாசிக்கிற வேல மட்டும் வேணாம், இன்னா?” என்றார். நான் தலையைப் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினேன்.

அந்த ஆட்டம் ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் பெட்டியைத் திறந்தேன். அடுத்த சில மாதங்களில், ரேடியோ ரிப்பேர் கடை பஷீர் பாய் பழைய ரேடியோப் பெட்டிக்குள் கோத்துக் கொடுத்த ஆம்ப்ளிபயரை மாட்டிக்கொண்டு, ஞாயிறுதோறும் எங்கள் வேதக்கோயிலில் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று, சபை மொத்தமும் பார்க்க வாசித்தேன். பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டும் பிடியைக் ‘கார்டு’ என்போம்; எனக்குத் தெரிந்தவை மூன்றே கார்டுகள். அந்த மூன்றுக்குள் அடங்காத பாட்டை அடக்கியே தீர்வேன். வாசித்துவிட்டு, மாதம் தவறாமல் பம்பாய்க்கு ஓர் இன்லேண்டு கடிதமும் எழுதினேன்: “கித்தார் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது. தொடவேயில்லை.”

இரண்டு வருடம் இப்படிப் போனது. வண்டுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கழுத்துப் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீணையில் மெட்டு என்பார்களே, அதுபோலக் கித்தாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகத் துண்டுகளை நாங்கள் ‘பிரெட்டு’ என்போம். முதல் மூன்று பிரெட்டுகளிலும் கம்பிகள் விழும் இடங்களில் பள்ளம், நகத்தை வைத்தால் நகம் நிற்கிற பள்ளம். அழுத்திய கம்பி அந்தப் பள்ளத்தில் தாழ்ந்து, அடுத்த பிரெட்டில் உரசி ‘ஜிர்ர்’ என்றது. என் மூன்று கார்டுகளும் குடியிருந்தது அந்த மூன்று வீட்டில்தான். திருடன் கைரேகையை விட்டுப் போவான். நான் வாய்க்காலே வெட்டி வைத்திருந்தேன்.

அந்த வாரமே அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வருகிறாராம், திரும்பும்போது கித்தாரையும் எடுத்துப் போகிறாராம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. முறுக்கு இறங்கியது, ஆனால் வழக்கமான எண்ணிக்கையில் இல்லை. முதலில் முழங்காலிட்டு, தேய்ந்ததை வளர்த்துத் தரும்படி வேண்டினேன். பதில் வரத் தாமதமானதால் பஷீர் பாயிடம் ஓடினேன். அவர் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கிப் பள்ளங்களில் ஈயம் வைத்து, “தம்பி, ஈயம் மெழுகு மாதிரி. ஒரு பாட்டு தாங்கும்” என்றார். மனிதர் வாக்கு சுத்தம். அந்த ஞாயிறு இரண்டாம் பாட்டின் முதல் அடியிலேயே வண்டு திரும்பிவிட்டது.

என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது மெர்சி அக்கா. எனக்கு மூன்று வயது மூத்தவள். அப்பா சாப்பிட எழுந்தால் தறியில் உட்கார்ந்து அவருக்குச் சமமாக நெய்வாள்.

“இன்னாடா, பிரசவ வலி வந்தவ மாதிரி ஒலாத்திகினு கீற?”

பள்ளங்களைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, தறியில் நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாக்கட்டை, அதில் ஓரமாகக் கிடந்த பழையது ஒன்றை எடுத்து, ஊடை நூல் வெளியே வரும் ஓட்டையில் என் விரலை வைத்து அழுத்தினாள். அங்கேயும் மெல்லிய பள்ளங்கள். “பட்டு நூலே இத்த அறுத்துகினு போவுது. உன்து இரும்புக் கம்பி. நீ ஒரே எடத்துல ரெண்டு வருசமா அறுத்தா அது இன்னா பண்ணும், பாவம்? தறியில சீப்பு மாதிரி கீற அச்சு ஒரு பக்கம் தேஞ்சா அப்பா தல கீழா திருப்பிப் போட்டு நெய்யிறாரு இல்ல? நீயும் மாத்திப் போடு.”

கழுத்தின் மறுகோடியில், உடலோடு சேரும் இடத்தில், கடைசி மூன்று பிரெட்டுகள் மினுமினுவென்று இருந்தன. நானும் போனதில்லை, அண்ணனும் போனதில்லை என்பதற்கு அந்த மினுமினுப்பே சாட்சி. அதைப் பிடுங்கி இங்கே, இதைப் பிடுங்கி அங்கே. இவ்வளவு எளிய வழி இருக்க ஆண்டவரைத் தொந்தரவு செய்துவிட்டோமே என்று வெட்கப்பட்டேன்.

அப்பாவும் அம்மாவும் கண்ணமங்கலத்துக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் குறடும் அரமுமாக உட்கார்ந்தோம். பிரெட்டு பல் பிடுங்குவதுபோலத் துளி மரத்தோடு வந்தது. மறுகோடிப் பிரெட்டுகள் இங்கே நீளமாக இருந்ததால் அக்கா நுனியை வெட்டி, அரத்தால் ராவி, மரத்துண்டு வைத்துத் தட்டிப் பதித்தாள். அழுத்தினேன், மீட்டினேன். வண்டு செத்துப் போயிருந்தது. இருவரும் குதித்தோம்.

குதித்து முடித்தபின்தான் அடுத்த வேலையில் கை வைத்தோம். தறி அச்சில் பல்லெல்லாம் ஒரே அளவு. கித்தாரின் கழுத்து அப்படியில்லை, போகப் போக அகலும். தேய்ந்த பழைய மூன்றையும் மறுகோடியில் வைத்தால் இரண்டு பக்கமும் அரை விரல் இடம் காலி. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு வெட்டித் தைத்தாயிற்று. தம்பி சட்டை அண்ணனுக்கு எப்படிப் போதும்?

“அந்தாண்ட யாரும் வாசிக்கிறதில்லன்னு நீதானடா சொன்ன?” என்றாள் அக்கா. சொன்னேன்தான். பசை தடவிப் பதித்துப் பெட்டியை மூடினோம்.

ஜெயசீலன் அண்ணன் வந்தார். ரூபி அத்தை வீட்டு நடுக்கூடத்தில் கித்தாரை மடியில் வைத்து, முதல் மூன்று பிரெட்டிலும் விரலை ஓட்டினார். மணி மாதிரி ஒலித்தது. எனக்கு உயிர் வந்தது. அப்போது அவர் நிமிர்ந்து, “பம்பாயில கோவாக்காரர் ஒருத்தர்கிட்ட புதுசா கத்துகினேன், பாருடா” என்று சொல்லி, விரலை வழுக்கிக்கொண்டு நேராக மறுகோடிக்கே போனார். கம்பி குட்டைப் பிரெட்டின் ஓரத்தில் நழுவி ‘டொக்’ என்று விழுந்தது.

“இன்னாடா இது?”

“மழ, அண்ணா. ஈரத்துல சுருங்கிடுச்சி.”

“சுருங்குறதுக்கு இது இன்னா பனியனா?”

அடுப்படியில் அத்தை சிரிப்பது கேட்டது. அண்ணன் என்னையே பார்த்தார். “நீ ‘தொடவேயில்ல’ன்னு எழுதுவ. அம்மா ‘கோயில்ல ரொம்ப நல்லா வாசிக்கிறான்’னு எழுதும். ரெண்டும் ஒரே நாள் வரும். ரூம்ல எல்லாருக்கும் சத்தமா படிச்சிக் காட்டுவேன்டா. மாசா மாசம் அதான் எங்களுக்கு சினிமா.”

ஊரே பார்க்க வாசித்த ரகசியத்தை, ஊரில் நான் ஒருவன்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நீ வாசிச்சதுக்குக் கோவமில்ல” என்றார். “வெட்டிப் போட்டுட்டியே, அதுக்குத்தான்.” குட்டைப் பிரெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அதற்குமேல் அவர் திட்டவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் என்னையே வாசிக்கச் சொன்னார். அந்த வாரக் கடைசியில், சொன்னபடி எடுத்துப் போனார். வேலூர் பஸ்வரை பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். விரல் நுனியில் இருந்த காய்ப்பு அடுத்த மாதம் உரிந்து விழுந்தது. அதற்காக ஒருநாள் அழுததை அக்கா இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

எண்பதுகளில் நான் படவேட்டில் வாத்தியார். பம்பாயிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர், தேடிப்பிடித்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே அண்ணனின் இன்லேண்டு கடிதம்: “வீடு மாறுகிறேன், இடமில்லை. நீ வைத்துக்கொள். பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். தொடவேயில்லை.” திறந்தேன். முதல் பிரெட்டிலிருந்து பதினான்காவதுவரை எல்லாக் கம்பிக்கடியிலும் வாய்க்கால். கடைசி மூன்று மட்டும் குட்டையாக, நாங்கள் பதித்தபடியே இருந்தன.

இப்போது இன்லேண்டு கடிதம் எழுதுகிறவர்களைக் காணோம். பஷீர் பாயின் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். ஜெயசீலன் அண்ணன் காலமாகி நான்கு வருடமாகிறது. சென்னையில் ஒரு பையன் எல்லாப் பிரெட்டையும் ஒரே நாளில் புதிதாக மாற்றித் தருவதாகச் சொன்னான். கடைசி மூன்றைப் பார்த்து, “இது யார் சார் பண்ண வேலை?” என்று பதறினான். எங்க அக்கா என்று சொல்லி, மாற்றாமல் எடுத்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை துணி போட்டுத் துடைக்கிறேன். துடைத்த கையோடு அந்த மூன்று கார்டு, ஒரு மணி நேரம். வண்டு கத்துகிறது. முடித்துப் பெட்டியை மூடும்போது, தொடவேயில்லை என்று யாருக்காவது எழுதவேண்டும்போல இருக்கிறது.