எட்டக்காவின் வெறும் வயிறு

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் எட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். ரத்தத்தில் இன்சுலினை அளக்க நாங்கள் செய்துவந்த சென்சாரின் முனையில் ஒரு சின்னத் தங்க வட்டம் இருக்கும். அதை ஈரத் துணியில் வெள்ளைப் பொடி தூவி எட்டு போட்டுத் தேய்ப்பது அவர் வேலை. வட்டமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் தேய்ந்துவிடும், எட்டுதான் ஓரவஞ்சனை பார்க்காது என்பார். மூன்று வருடமாக எட்டு. பேருந்துக்கு நிற்கும்போதுகூடக் கட்டைவிரல் கைப்பையின் மேல் எட்டு போட்டுக்கொண்டிருக்கும்.

செவ்வாய்தோறும் வெறும் வயிற்றோடு வந்து சோதனைக்குத் தன் ரத்தத்தையும் அவரே கொடுப்பார். சாப்பிடாதவர் ரத்தத்தில் இன்சுலின் குறைவு. திரையில் கோடு தாழ்வாக ஓட வேண்டும். எங்கள் கோடோ ஒரு வாரம் தாழ்ந்தது, மறுவாரம் எகிறியது.

அன்றும் எகிறியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போதும்மா. நம்ப முடியாத கருவியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? இன்னியோட மூட்டை கட்டிடலாம்."

எட்டக்கா துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் சரியாத்தான் சார் தேய்ச்சேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, காலையில நிஜமா ஒண்ணும் சாப்பிடலையா?"

"பச்சைத் தண்ணி பல்லுல படலை தம்பி. பொண்ணு தட்டுல வச்ச மிச்சத்தை வழிச்சு வாயில போட்டுட்டு ஓடி வந்தேன், அவ்வளவுதான்."

பேராசிரியர் மெல்லத் திரும்பினார். "அது சாப்பாடு இல்லையா?"

"அது எப்படி சார் சாப்பாடாகும்? அது தட்டைக் காலி பண்றது."

"தினமும் மிச்சம் வைப்பாளா?"

"அது அவ மனசு. போன செவ்வாய் பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம்னு ஒரு பருக்கை விடாம சாப்பிட்டா."

போன செவ்வாயின் தாளை எடுத்துப் பார்த்தேன். கோடு தாழ்வாகத்தான் ஓடியிருந்தது.

பேராசிரியர் நாற்காலி குலுங்கச் சிரித்தார். "இத்தனை நாளும் உங்க பொண்ணோட பசியைத்தாம்மா அளந்திருக்கோம்!"

மறுநாள் தட்டை வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டு வந்தார் எட்டக்கா. கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், வெளியே போய்க் கை கழுவி, டிபன் டப்பாவைத் திறந்தார்.

"சார், இதுதான் சாப்பாடு. வேணும்னா இதையும் அளந்துக்கோங்க."

அரை மணி கழித்து அளந்தோம். கோடு எகிறியது. இந்த முறை பேராசிரியரின் கண்ணாடி மூக்கை விட்டு நகரவில்லை.