அடுப்போரத்தில் வைத்த ஸ்பிரிட்

சென்ற வாரம் ஹட்டனில் இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். நர்ஸ் பிள்ளை பஞ்சை நனைத்துக் கையில் தடவியதும் சில்லென்றது. கூடவே அந்த வாசனை. கண்ணை மூடிக்கொண்டேன். ஊசிக்குப் பயம் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். நினைக்கட்டும், அந்தப் பயமும் உண்டுதான்.

கல்யாணத்துக்கு முந்தி, கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய உத்தியோகம். மழையில் மலையேற வேண்டாம். ஊசிகளைக் கொதிக்க வைப்பேன், புண்ணுக்கு மருந்து கட்டுவேன், ஊசி போடும் இடத்தில் ஸ்பிரிட் தடவுவேன். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்தான் எங்களுக்கு டாக்டரய்யா.

மார்கழிப் பனியில் பிள்ளைகள் ஊசியைவிட ஸ்பிரிட்டுக்கே அதிகம் அலறினார்கள். குளிக்க வெந்நீர் வைக்கிறோமே, இதையும் சூடாக்கினால் என்ன என்று தோன்றியது. போத்தலை ஊசி கொதிக்கும் அடுப்போரம் வைத்தேன். தக்கை பட்டென்று தெறித்தது. சரி, திறந்தே இருக்கட்டும் என்று விட்டேன். அப்படியும் பிள்ளைகள் அலறினார்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினேன்.

ஸ்பிரிட் நாளுக்கு நாள் குறைந்தது. கீழே சிந்திய ஈரமும் இல்லை.

"என்னடா, சரக்கு எங்க போவுது?" என்றார் டாக்டரய்யா.

"தெரியலைங்கய்யா."

"ஊது பாப்போம்."

ஊதினேன். வாயில் தேத்தண்ணி வாசம்தான். ஆனால் கையும் சட்டையும் ஸ்பிரிட்டாக மணத்தன.

"தோட்டத்துத் துரைகிட்ட சொல்லத்தான் வேணும். உன் வேலை போயிரும்" என்றார். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்திலோ, "எங்களுக்கும் ஒரு சொட்டு வையேன்டா" என்று கேலி. எனக்கே குழப்பமாகிவிட்டது. என்னை அறியாமல் குடிக்கிறேனோ?

மகனின் கால் புண்ணுக்கு மருந்து கட்டத் தினமும் வரும் லெட்சுமி அக்கா, கொழுந்து எடுப்பவர், குறுக்கே வந்தார். "அந்தத் தம்பி குடிக்கலீங்கய்யா. புள்ளைங்களுக்குக் குளிருமேன்னு அடுப்புக்கிட்ட தெறந்து வச்சு சூடு காட்டுது. தெனமும் பாக்குறேன்."

"அடுப்புக்கிட்டயா? அடப்பாவி, எல்லாரையும் கொளுத்தியிருப்பியேடா!" டாக்டரய்யா பாய்ந்து போத்தலை எடுத்தார். மூச்சு வாங்கி நின்றவர், என் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. "பாத்தியா? இது தண்ணியில்ல, பறந்துரும். பறக்கறப்ப ஒடம்புச் சூட்டையும் தூக்கிட்டுப் போவும். அதான் சில்லுங்குது."

சாராயத்தில் போதை தருவதும், சென்ட்டில் வாசனையைச் சுமப்பதும், துரை பங்களா மேசைக்குப் பூசும் பாலிஷில் அரக்கைக் கரைப்பதும் இதுவேதானாம். ஒரே சாமான் இத்தனை வேலை எப்படிப் பார்க்கும்? எனக்கோ ஒன்றே உருப்படியாக வரவில்லை.

சாயந்திரம் துரையிடமிருந்து டாக்டரய்யா பதில் கொண்டுவந்தார். "குடிச்சிருந்தா ஒரு தடவ மன்னிச்சிருப்பாராம். நெருப்புக்கிட்ட ஸ்பிரிட்ட வைக்கிறவன் டிஸ்பென்சரிக்கு வேணவே வேணாமாம்."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் புல்லு வெட்டும் ஆட்களோடு நின்றேன். லெட்சுமி அக்கா என் பெயரைக் காப்பாற்றினாரா, பிழைப்பைக் கெடுத்தாரா? இரண்டும்தான் என்று பட்டது. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

அந்த டிஸ்பென்சரிக்கு இப்போது கூரை இல்லை. டாக்டரய்யா காலமாகிவிட்டார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் அரசாங்க ஒப்பந்தத்தில் பெயர் வந்து லெட்சுமி அக்காவும் மகனோடு போய்விட்டார். எந்த ஊரென்று தெரியாது. நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று நான் முடிவு பண்ணுவதற்குள் ரயில் போய்விட்டது. லயத்துப் பழைய ஆட்கள் சிலர் இன்றும் என்னை ஸ்பிரிட் குடித்தவன் என்றுதான் சொல்கிறார்கள். இல்லையென்று சொல்ல இங்கே இப்போது ஆள் இல்லை.